வான் கிளைபர்ன்: முதல் நான்கு நிமிடங்களுக்குப் பிறகு

இன்று யூட்யூபில் 'கிளைபர்ன்' என்று தட்டினால் பெரும்பாலும் ஒரு கொரிய இளைஞர்தான் வந்து நிற்பார். யுன்சான் லிம். 2022 ஜூனில், 18 வயதில், டெக்சஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் ரக்மானினாஃபின் மூன்றாவது பியானோ கன்செர்ட்டோவை வாசித்து முதல் பரிசு வாங்கியவர். அந்த வீடியோ ஒரு கோடிப் பார்வைகளை எப்போதோ தாண்டிவிட்டது. செவ்வியல் பியானோவுக்கு இதெல்லாம் சினிமாப் பாட்டுக் கணக்கு. அந்தப் போட்டியின் பெயர்தான் கிளைபர்ன். 'கிளைபர்ன் ஜெயித்தவர்' என்கிறார்கள், ஆஸ்கர் ஜெயித்தவர் என்பது மாதிரி. ஆஸ்கர் யார் என்று யாராவது கேட்கிறோமா என்ன.

ஆனால் கிளைபர்ன் என்று ஒரு மனிதர் இருந்தார். ஆறடி நான்கு அங்குல உயரம், அடங்காத சுருள் முடி, மிக நீண்ட விரல்கள். 1958 மே 20 அன்று நியூயார்க் நகரம் அவரைத் திறந்த காரில் ஏற்றி, உயர்ந்த கட்டிடங்களின் ஜன்னல்களிலிருந்து காகிதத் துண்டுகளை மழையாகக் கொட்டி ஊர்வலம் விட்டது. தெருவில் சுமார் ஒரு லட்சம் பேர். போர்த் தளபதிகளுக்கும் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானிகளுக்கும் தருகிற மரியாதை அது. செவ்வியல் இசைக் கலைஞர் ஒருவருக்கு அதற்கு முன்பும் பிறகும் கிடைத்ததில்லை. டைம் பத்திரிகை அட்டையில் போட்டது. அவர் வாசித்த சாய்கோவ்ஸ்கியின் முதல் கன்செர்ட்டோ இசைத்தட்டு ஏழு வாரம் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் நின்றது. பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டிய முதல் செவ்வியல் ஆல்பம் அதுதான். அப்போது அவருக்கு வயது 23.

இருபது வருடம் கழித்து, 1978இல், மேடையிலிருந்து விலகிக்கொண்டார். 44 வயது. ஒரு பியானோக் கலைஞருக்கு அதுதான் மதிய வெயில். ரூபின்ஸ்டைன் எண்பதைத் தாண்டியும் வாசித்தார். ஹொரோவிட்ஸ் 82 வயதில் மாஸ்கோ போய் வாசித்துவிட்டு வந்தார்.

இதற்கு எல்லா வாழ்க்கைக் குறிப்புகளிலும் ஒரே டெம்ப்ளேட்தான். பனிப்போர் அவரைத் தூக்கிவிட்டது, ஸ்புட்னிக் ஏவப்பட்டு ஆறு மாதத்தில் அமெரிக்காவுக்கு ஒரு வெற்றி தேவைப்பட்டது, பையன் மாட்டினான். அப்புறம் அவர் வளரவில்லை, அதே இரண்டு கன்செர்ட்டோவைத் திரும்பத் திரும்ப வாசித்தார், களைத்தார், மங்கினார். இந்தக் கதையின் விவரங்கள் எல்லாமே சரிதான். அதிலிருந்து எடுக்கிற முடிவோடுதான் எனக்குத் தகராறு.

முதலில், அவருடைய புகழ் மங்கியது ஒரு முறை அல்ல. மாஸ்கோவுக்கு முன்பே ஒரு தடவை மங்கிவிட்டது. 1954இல் லெவென்ட்ரிட் பரிசு வாங்கினார். அன்றைய அமெரிக்காவில் அதைவிடப் பெரிய பியானோப் பரிசு கிடையாது. அதே வருடம் மித்ரோபுலோஸ் நடத்த நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குடன் சாய்கோவ்ஸ்கி வாசித்தார். கச்சேரிகள் குவிந்தன, பிறகு மெதுவாக வற்றின. 1957இல் அவர் இருந்த இடம் டெக்சஸில் கில்கோர் என்கிற எண்ணெய்க் கிணற்று ஊர். அம்மாவுக்கு அடிபட்டிருந்ததால் அம்மாவின் மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். மாஸ்கோ போகப் பயணச் செலவை ஒரு அறக்கட்டளைதான் கொடுத்தது. 23 வயதுக்குள் 'ஒரு காலத்தில் பேசப்பட்ட பையன்' ஆகிவிட்டவர் அவர். இந்தத் தகவலை வைத்துக்கொண்டு பார்த்தால் 1978 வேறு மாதிரித் தெரியும்: கைதட்டல் வரும், போகும் என்பது அவருக்கு முதலிலேயே தெரிந்த விஷயம்.

அந்த அம்மா சாதாரண அம்மா இல்லை. ரில்டியா பீ, லிஸ்டின் சீடரான ஆர்தர் ஃப்ரீட்ஹைமிடம் பியானோ படித்தவர். மகனுக்கு மூன்று வயதிலிருந்து 17 வயது வரை அவர்தான் ஆசிரியர். வாசிப்பதற்கு முன் பாடு என்பதே அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தின் சாரம். அதன்பின் நியூயார்க்கின் ஜூலியார்டில் ரோசினா லெவின். இவர் 1898இல் மாஸ்கோ கன்சர்வேட்டரியில் தங்கப் பதக்கம் வாங்கியவர், புரட்சிக்குப் பிறகு அமெரிக்கா வந்தவர். ஆக, மாஸ்கோ நடுவர்கள் முன்னால் உட்கார்ந்த டெக்சஸ் பையனின் கைகளில் இருந்தது அவர்களுடைய பாட்டன் காலத்து மாஸ்கோ. கிலெல்ஸும் ரிக்டரும் நைகவுஸும் உட்கார்ந்திருந்த குழு அது. இவருக்கு உச்ச மதிப்பெண் போட்டுவிட்டு ரிக்டர் மற்றவர்களுக்குப் பூஜ்யம் போட்டார் என்று ஒரு கதை உண்டு. வெளிநாட்டானுக்குப் பரிசு கொடுக்கலாமா என்று மேலிடத்தில் கேட்டபோது, அவர்தான் சிறந்தவர் என்றால் கொடுங்கள் என்று குருஷேவ் சொன்னார் என்பது இன்னொரு கதை. கதைகள் எப்படியோ போகட்டும். அந்த அரங்கில் மக்கள் எட்டு நிமிடம் எழுந்து நின்று கைதட்டியது ஒரு அமெரிக்கனுக்காக என்று நான் நினைக்கவில்லை. தொலைந்துபோன தங்கள் வீட்டுப் பேச்சை வெளியூர்க்காரன் வாயில் கேட்ட அதிர்ச்சி அது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விவரம், பலர் கவனிக்காதது. இறுதிச் சுற்றில் அவர் வாசித்த இரண்டு 'ரஷ்ய' கன்செர்ட்டோக்களும் முதன்முதலில் மேடையேறியது அமெரிக்காவில். சாய்கோவ்ஸ்கியின் முதல் கன்செர்ட்டோவை நிக்கோலாய் ரூபின்ஸ்டைன் கேட்டுவிட்டுக் கடுமையாகத் திட்டிவிட்டதால், அது ஜெர்மன்காரரான ஹான்ஸ் ஃபான் பியூலோவின் கைக்குப் போய், 1875இல் பாஸ்டனில் அரங்கேறியது. ரக்மானினாஃபின் மூன்றாவது கன்செர்ட்டோ 1909இல் நியூயார்க்கில், தன் அமெரிக்கப் பயணத்துக்காகவே அவர் எழுதியது. இரண்டையும் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் கிளைபர்ன்.

சரி, வாசிப்புக்கு வருவோம். அதைக் கேட்காமல் இந்த மனிதரைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

சாய்கோவ்ஸ்கியின் கன்செர்ட்டோவுக்கு இரண்டு ஒலிப்பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டுப்பாருங்கள். ஒன்று ஹொரோவிட்ஸ், 1943, டோஸ்கனினி நடத்த, கார்னகி ஹாலில், போர்ப் பத்திரங்கள் விற்பதற்காக நடந்த கச்சேரி. மற்றது கிளைபர்ன், 1958 மே மாதக் கடைசியில், கோந்த்ராஷின் நடத்த, அதே கார்னகி ஹாலில் பதிவானது. ஒரே கட்டிடம், ஒரே கன்செர்ட்டோ, இரண்டு போர்கள். ஹொரோவிட்ஸின் வாசிப்பு கத்தி மாதிரி. மாமனாரும் மருமகனும் யார் முதலில் முடிப்பது என்று பந்தயம் கட்டிய மாதிரி ஓடுகிறது (டோஸ்கனினி நிஜமாகவே ஹொரோவிட்ஸின் மாமனார்). மயிர்க்கூச்செறியும், சந்தேகமே இல்லை. கிளைபர்ன் அவசரப்படுவதில்லை. அந்தப் பிரசித்தமான தொடக்கத்தில், பியானோவின் அடியிலிருந்து உச்சிவரை அள்ளி வைக்கிற நாதக் கொத்துகளை அவர் அடிப்பதில்லை, சாய்ந்து அழுத்துகிறார். ஒலி உருண்டையாக வருகிறது. கொத்தின் மேல்நுனியில் இருக்கிற சுரம் மட்டும் ஒரு துளி கூடுதல் வெளிச்சத்தோடு நிற்பதால் நமக்கு இடிமுழக்கம் கேட்பதில்லை, ஒரு நீண்ட வரி கேட்கிறது. இரண்டாவது பகுதியில், புல்லாங்குழல் சொன்னதைப் பியானோ வாங்கிச் சொல்கிற இடத்தில், ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போக எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். இயந்திரரீதியாகப் பார்த்தால் பியானோ ஒரு சுத்தியல் கருவி. விசையை அழுத்தினால் சுத்தியல் கம்பியைத் தட்டும், தட்டிய நொடியிலிருந்து ஒலி செத்துக்கொண்டேதான் இருக்கும். அதில் பாடுவது என்பதே ஒரு மாயை. ஒரு சுரம் தேய்ந்து எந்த அளவில் இருக்கிறதோ அந்த அளவிலேயே அடுத்ததைத் தொட்டால்தான் காது ஏமாறும். கிளைபர்னிடம் அந்தக் கணக்கு தப்புவதே இல்லை.

இன்னொன்று, அந்தக் கன்செர்ட்டோவின் அமைப்பு. உலகம் முழுக்கத் தெரிந்த அந்தத் தொடக்க மெட்டு முதல் நான்கு நிமிடத்துக்குள் வந்துபோய்விடும். அப்புறம் அது திரும்பி வரவே வராது. அரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற இசையில் மிச்சமெல்லாம் வேறு மெட்டுகள். முதல்முறை கேட்கிறவர்கள் அந்த மெட்டு எப்போது வரும் என்று கடைசிவரை காத்திருந்துவிட்டு ஏமாந்துபோவார்கள். விமர்சகர்கள் கிளைபர்னின் வாழ்க்கையைக் கேட்டதும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால் அந்த மிச்சம் இருக்கிறது. 1960களில் ஆர்சிஏ நிறுவனத்துக்காக அவர் பதிவுசெய்தது கொஞ்சநஞ்சமல்ல. ஃப்ரிட்ஸ் ரைனரோடு சிகாகோவில் ஷூமன், பிராம்ஸின் இரண்டாவது, ரக்மானினாஃபின் இரண்டாவது, பேத்தோவனின் நான்காவதும் ஐந்தாவதும். அன்று அமெரிக்காவிலேயே அதிகம் பேர் வாசிக்காத மெக்டவலின் இரண்டாவது கன்செர்ட்டோ. ப்ரோகோஃபியேவின் ஆறாவது சொனாட்டா, சாமுவேல் பார்பரின் சொனாட்டா. இரண்டே கன்செர்ட்டோ தெரிந்த ஆளின் பட்டியலா இது?

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். பேத்தோவன் ஐந்தாவதில் கட்டுமானம் உறுதி, ஒலி அழகு, ஆனால் பேத்தோவன் வாதம் செய்கிற இடங்களிலும் இவர் பாடிக்கொண்டே இருக்கிறார். சில சொபேன் துண்டுகளில் மரியாதை அதிகமாகி உயிர் குறைந்துவிடுகிறது. விருந்தாளி வீட்டில் சாப்பிடுகிற மாதிரி. அறுபதுகளின் பிற்பாதியில் ஒருவித நிதானம் கனமாக உறையத் தொடங்குகிறது, அதைக் காது மறைக்க முடியாது. ஆனால் 1960இல் மாஸ்கோவில் நேரடியாகப் பதிவான ரக்மானினாஃபின் இரண்டாவது சொனாட்டா இருக்கிறதே, அதைக் கேட்டுவிட்டு 'இந்த ஆள் போட்டியோடு சரி' என்று யாராலும் எழுத முடியாது. அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. விழுந்துவிடுவாரோ என்று நினைக்க வைக்கிற இடங்கள், விழாமல் அந்தப் பக்கம் போய்ச் சேருகிற இடங்கள்.

பிறகு ஏன் அந்தப் பேச்சு? என் துறையில் ஒரு எழுதப்படாத விதி உண்டு: ப்ரொடக்ஷனில் ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதே. 1958இன் கிளைபர்ன் அப்படி ஓடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஊரும் தனக்கும் அதே மாஸ்கோ வேண்டும் என்றது. அமெரிக்காவில் அவர் கச்சேரிகள் தேசிய கீதத்தோடு ஆரம்பிக்கும். பியானோவில் அவரே வாசிப்பார். கேட்க வந்த கூட்டத்தில் பாதி இசைக்கு வந்தது, பாதி கொடிக்கு வந்தது. இந்த நிலைமையில் ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டாக்களை எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவதற்கு எந்த மேனேஜர் விடுவார்?

இதற்கு நேர்மாறான உதாரணம் அவர் பெயரிலான போட்டியிலேயே இருக்கிறது. 1962இல் ஃபோர்ட் வொர்த்தில் தொடங்கிய அந்தப் போட்டியில் 1966இல் ஜெயித்தவர் ராது லுபு, ருமேனியாக்காரர், 20 வயது. ஜெயித்தவர் அமெரிக்காவிலேயே தங்கி ஊர் ஊராக வாசித்துப் பெயரைப் பெருக்கிக்கொள்ளவில்லை. மாஸ்கோவுக்குப் படிக்கத் திரும்பிப் போனார். பின்னாளில் பேட்டி கொடுக்கமாட்டார், கடைசி இருபத்தைந்து வருடம் ஒலிப்பதிவுக் கூடம் பக்கமே போகவில்லை. அவரை 2022இல் உலகம் ஞானியாக வழியனுப்பியது. கிளைபர்னுக்கு 1958இல் அந்தத் தெரிவு இருந்ததா? பரிசு அறிவித்த கையோடு கிரெம்ளின் வரவேற்பு, சோவியத் சுற்றுப்பயணம், ஊர்வலம், வெள்ளை மாளிகை. வகுப்பறைக்குத் திரும்புவேன் என்று சொல்ல அவருக்கு ஒரு நாள்கூட மிச்சம் வைக்கவில்லை. லுபுவின் மௌனத்தைத் தவம் என்கிறோம், கிளைபர்னின் மௌனத்தைத் தோல்வி என்கிறோம். லுபு மேடையை விடவில்லை என்ற வித்தியாசம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இந்தத் தீர்ப்பு முழுக்க இசையைக் கேட்டுச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

மாஸ்கோவில் அவரோடு பரிசு வாங்கியவர்களில் மூவரைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் 'வீணாய்ப்போன வாழ்க்கை' என்று யாரைச் சொல்வது என்பதற்கு அங்கே வேறு அளவுகோல் கிடைக்கும். இரண்டாம் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் சீனாவின் லியூ ஷிகுன். கலாச்சாரப் புரட்சியில் மேற்கத்திய இசை வாசித்த குற்றத்துக்காக அடிக்கப்பட்டார், கையில் எலும்பு முறிந்தது, வருடக்கணக்கில் சிறை. வெளியே வந்து மறுபடி வாசித்தார். இன்னொருவர் லெவ் விளாசென்கோ, மாஸ்கோவில் பெரிய ஆசிரியராகிக் கடைசியில் ஆஸ்திரேலியாவில் இறந்தார். மூன்றாம் பரிசு நவூம் ஷ்தர்க்மனுக்கு. போட்டி நடந்த அதே 1958இல், தன்பால் ஈர்ப்புக் குற்றச்சாட்டில் கைதாகிச் சிறைக்குப் போனார். எட்டு வருடத் தண்டனை. ஏப்ரலில் ஒரே மேடையில் நின்ற நால்வர். இவர்களின் ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்கிற பொறுமை நமக்கு இருந்தால், கிளைபர்ன் 'தன் திறமைக்கு நியாயம் செய்யவில்லை' என்ற வாக்கியத்தை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும்.

1974இல் அப்பா இறந்தார். மேனேஜர் சோல் ஹுரோக்கும் அதே வருடம் போய்ச் சேர்ந்தார். நான்கு வருடம் கழித்துக் கச்சேரிகளை நிறுத்தியபோது அறிக்கை, விடைபெறும் சுற்றுப்பயணம் எதுவும் கிடையாது. புதிதாக ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அம்மாவோடு ஃபோர்ட் வொர்த்தில் ஒரு பெரிய வீட்டில் குடியேறினார். ராத்திரி முழுக்க விழித்திருந்து மதியம் எழுந்திருக்கிற ஆள், நண்பர்களுக்கு விருந்து வைப்பதில் பிரியம், எங்கே போனாலும் தாமதம். 12 வயதிலேயே ஹூஸ்டன் சிம்பனியோடு சாய்கோவ்ஸ்கி வாசித்த ஒருவர் 44 வயதில் 'போதும்' என்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் சர்வீஸ். இதே கணக்கை ஒரு கால்பந்து வீரருக்குப் போட்டால் மரியாதையாக ஓய்வு பெற்றார் என்று எழுதுவோம். கலைஞன் என்றால் மட்டும் சாகும்வரை மேடையில் இருந்தாக வேண்டும், அதுவும் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு புது அவதாரத்தோடு. என் தலைமுறைக்கு இந்த எதிர்பார்ப்பு இன்னும் மோசமாகியிருக்கிறது; ஆறு மாதம் எதையும் வெளியிடாத எழுத்தாளரையே நாம் 'எங்கே போனார்' என்று கேட்கிறோம்.

திரும்பி வந்தது அவருக்கு நல்லதாக அமையவில்லை. 1987 டிசம்பரில் வெள்ளை மாளிகையில் கோர்பச்சேவ் முன்னால் வாசித்தது இனிமையான காட்சி. 'மாஸ்கோ மாலைகள்' பாட்டை வாசித்துக்கொண்டே பாட, கோர்பச்சேவும் சேர்ந்து பாடினார். அங்கேயும் அவர் தேவைப்பட்டது 1958க்காகத்தான். 1994இல் மாஸ்கோ ஃபில்ஹார்மோனிக்கோடு 16 நகரச் சுற்றுப்பயணம். கையில் அதே சாய்கோவ்ஸ்கி, அதே ரக்மானினாஃப். ஹாலிவுட் பவுல் அரங்கில் தலைசுற்றல் வந்து ரக்மானினாஃபை விட்டுவிட்டு, தனியாகச் சில சிறு துண்டுகள் வாசித்து முடித்தார். அந்த வருடமே அம்மா, 97 வயதில், காலமானார். மங்கல் என்ற சொல்லை எங்காவது வைத்தே ஆகவேண்டும் என்றால் நான் இங்கேதான் வைப்பேன். 1978இல் அவர் எடுத்த முடிவு சரி என்பதற்கு 1994ஐவிட நல்ல சாட்சி கிடையாது. 2013 பிப்ரவரியில் எலும்புப் புற்றுநோயில் இறந்தார், 78 வயது.

அவர் பெயரில் நடக்கிற போட்டியைப் பற்றி எனக்கு இரண்டு மனது. இருபது வயதுக்காரர்களைப் பிடித்து மூன்று வாரம் கசக்கி, ஒருவரை மட்டும் ஊர் ஊராக அனுப்பிவைக்கிற அமைப்பு அது. அவரைச் சிக்கவைத்த அதே பொறி, அவர் பெயர்ப்பலகையோடு. முதல் வருடம் ஜெயித்த ரால்ஃப் வோட்டபெக் வாழ்க்கையின் பெரும்பகுதியைப் பல்கலைக்கழக ஆசிரியராகக் கழித்தார், எந்த வருத்தமும் இல்லாதவர் போல. ஆனால் அது இல்லையென்றால் லிம் அந்தக் கன்செர்ட்டோவை நமக்கு வாசித்திருக்கமாட்டார் என்பதும் உண்மை.

லிம்மின் வீடியோவை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். அதே கன்செர்ட்டோவை 1958 மே 19 அன்று கார்னகி ஹாலில் கிளைபர்ன் வாசித்தது நேரடிப் பதிவாகக் கிடைக்கிறது. முதல் பகுதியின் நடுவில் வரும் கடென்சாவை எல்லோரும் சிலாகிப்பார்கள். ரக்மானினாஃப் இரண்டு வடிவம் எழுதியிருக்கிறார், தன் ஒலிப்பதிவில் அவரே இலகுவானதைத்தான் வாசித்தார். கிளைபர்ன் எடுப்பது கனமான மற்றதை. அதைத் தனியாகக் கேளுங்கள். நான் சொல்ல வருவது முதல் பக்கம். ஆர்கெஸ்ட்ரா மெல்ல அசைகிறது, பியானோ நுழைகிறது: இரண்டு கையும் ஒரே மெட்டை, ஒரு ஸ்தாயி இடைவெளியில், மெதுவாக. நாதக் கொத்து எதுவும் கிடையாது, வித்தை காட்ட இடமே இல்லை. விரல் அமைப்பாகப் பார்த்தால் கில்கோரில் அம்மாவின் மாணவர்களே வாசித்துவிடக்கூடிய எளிமை. முந்தின மாதம் மாஸ்கோ, மறுநாள் ஊர்வலம். கிளைபர்ன் அந்த வரியை யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியில்லாத ஒருவர் மாதிரி, வேகத்தைக் கூட்டாமல், கடைசிச் சுரம் வரை கொண்டுபோய் வைக்கிறார்.